கடன் அடுத்த வீட்டுக்குப் போன கதை

கடன் வாங்கியவரையும் வசூலுக்கு வந்தவரையும் ஒரே மேஜைக்கு எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, "மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று ஒருநாளும் கேட்காதீர்கள். நம் கடன் ஆலோசனை மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் நான் முதலில் சொல்ல நினைத்தது இதுதான். வட்டிக் கணக்கு, கம்பெனிக்கு மெயில் எழுதுவது, விதிமுறைகள் எல்லாம் தானாகப் பழகிவிடும். எங்கே கேட்கவேண்டும், யார் இல்லாதபோது கேட்கவேண்டும் என்பது மட்டும் பழக நாளாகும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு தவணைப் பேச்சில் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இங்கே போர்ட் பிளேரில் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குகிற ஒருவர், துணைக்கு மருமகனை அழைத்து வந்திருந்தார். எதிரில் கம்பெனியின் வசூல் ஏஜென்ட். எங்கள் ஆள் கேள்வியைக் கேட்டதும் அந்த மனிதர் மருமகனைப் பார்த்தார், ஏஜென்ட்டைப் பார்த்தார், தன் கூலியில் பாதிக்கு மேல் வருகிற ஒரு தொகையைச் சொன்னார். ஏஜென்ட் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். பேச்சு இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எங்கள் ஆளுக்கும் சந்தோஷம். கொஞ்ச மாதத்தில் தவணை நின்றது, நின்றதும் தள்ளுபடி செய்த அபராத வட்டியெல்லாம் திரும்ப ஏறிக்கொண்டது. மருமகன் முன்னால் சின்னத் தொகையைச் சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். வராந்தாவில் தனியாகக் கேட்டிருந்தால் உண்மை வந்திருக்கும்.

அது சுலபமான பாடம். கேட்டுக்கொள்ளலாம், கடைப்பிடிக்கலாம். இனி சொல்லப் போவதை நான் பல வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அதில் எல்லோரும் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். நானும்தான். அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது.

லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பேயில் மாதம் ஒரு தடவை நம் மையத்தின் முகாம் நடக்கும், உங்களுக்குத் தெரியும். அப்போதும் அதே பஞ்சாயத்து ஹால்தான். கப்பலில் போய் இறங்கி, நாற்காலி போட்டு உட்கார்ந்தால், திரும்பும் கப்பலுக்கு முன்னால் எவ்வளவு பேரைப் பார்க்க முடியுமோ அவ்வளவு பேர். யோசித்து முடிவு சொல்கிறேன் என்று சொல்ல வழியில்லை. அடுத்த மாதம் கடல் எப்படி இருக்கும், கப்பல் வருமா வராதா, யாருக்குத் தெரியும்?

அப்படி ஒரு முகாமில்தான் ஜெயக்கொடியைப் பார்த்தேன். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய குடும்பம். இங்கேயும் தோட்ட வேலைதான் கிடைத்தது. பாமாயில் தோட்டத்தில் வேலை நின்றபிறகு அவள் கணவர் சிவலிங்கம் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டி பக்கத்தில் ஒரு டீக்கடை போட்டார். கடை ஓடியது. கொஞ்சம் பெரிதாக்கலாம், ஃபிரிட்ஜ் வைக்கலாம், மெஸ் மாதிரி நடத்தலாம் என்று கடலுக்கு அந்தப் பக்கம், மெயின்லேண்டில் இருக்கும் பைனான்ஸ் கம்பெனி ஒன்றில் கடன் வாங்கினார். ஒழுங்காகவும் கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தார். கடல் மோசம், கப்பல் ஓடவில்லை. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக ஹெலிகாப்டரில் சீட் கிடைத்ததாகச் செய்தி வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவர் போன பிறகு கடையை நடத்த ஆளில்லை. ஃபிரிட்ஜும் பாத்திரங்களும் விற்ற காசு காரியத்துக்கும் பழைய பால் பாக்கிக்கும் சரியாகப் போயிற்று. வீடு இருந்த இடத்துக்கு அவர்கள் பேரில் பட்டா கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் எட்டாவது. ஜெயக்கொடி பள்ளிக்கூடத்தில் மதியச் சமையலுக்கு உதவியாகப் போய்க்கொண்டிருந்தாள். பாக்கு உரிக்கும் வேலை கிடைத்தால் அதற்கும் போவாள்.

ஹாலுக்குள் வந்தவள் உட்காரக்கூட இல்லை. "மேடம், எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, போட்டுட்டுப் போறேன். அவங்க வெளிய நிக்கிறாங்க" என்றாள்.

வெளியே நின்றவர் பிஸ்வாஸ். கம்பெனிக்காக வசூல் பார்க்கும் ஏஜென்ட். லிட்டில் அந்தமானில் குடியேறிய வங்காளிக் குடும்பத்துப் பையன், பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுவில் ஹிந்தி வரும். என்னைத் 'தீதி' என்பார், ஆண்களை 'பாய்' என்பார், அக்கா, அண்ணன் என்று அர்த்தம். கத்துகிற ஏஜென்ட் வந்தால் நீங்கள் பயப்பட வேண்டாம், புகார் எழுதலாம், கம்பெனியே பின்வாங்கும். பிஸ்வாஸ் கத்த மாட்டார். துக்கம் நடந்த வீட்டுக்கு முதல் தடவை போனபோது வாழைத்தார் வாங்கிக்கொண்டு போனவர். அப்படிப்பட்டவரிடம்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். ஏனென்றால் அவர் கொண்டுவரும் யோசனை பெரும்பாலும் நியாயமாகவே இருக்கும்.

அன்று அவர் கொண்டுவந்த யோசனையும் நியாயமாகத்தான் தெரிந்தது. அபராத வட்டி முழுதும் தள்ளுபடி. மீதியைச் சின்னச் சின்னத் தவணையாகக் கட்டலாம், எத்தனை வருஷமானாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: கடனை ஜெயக்கொடி தன் பேரில் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். கடன் வாங்கியவர் இறந்துபோனால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசுகள் பொறுப்பு. சிவலிங்கம் விட்டுப்போனது என்று சொல்ல எதுவும் இல்லை. கடனுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறார்களா என்று பார்த்தேன், அதுவும் இல்லை. அதாவது ஜெயக்கொடி ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. அவள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்வரை.

ஆனால் கம்பெனி சும்மா விட்டுவிடாது என்பதும் எனக்குத் தெரியும். "கடன் வாங்கும்போது வேற யாராவது கையெழுத்துப் போட்டாங்களா?" என்று கேட்டேன்.

"சாட்சிக்கு தங்கராஜ் அண்ணன் போட்டாருங்க. பக்கத்து வீடு. கரண்ட் ஆபீஸ்ல லைன்மேனா இருக்காரு."

சாட்சி. இந்தச் சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். ஜாமீன் போட்டவர்களில் பலர் சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் கம்பெனி அவர்களிடம்தான் வரும். அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஆள் என்றால் கம்பெனிக்கு அதைவிட நல்ல ஜாமீன் கிடையாது.

அவளை உட்கார வைத்துவிட்டு வெளியே போனேன். பிஸ்வாஸ் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒன்று சொன்னார்.

"அவங்க கையெழுத்துப் போடத் தேவையில்லைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று நேராகவே கேட்டேன்.

"மாலூம் ஹை, தீதி. தெரியாம இந்த வேலைக்கு வருவேனா?" என்றார். "அவங்க போடலேன்னா ஃபைல் இந்த மாசக் கடைசியில லீகலுக்குப் போயிடும். அப்புறம் தங்கராஜ் பாயிக்கு நோட்டீஸ். வட்டி, அபராதம், வக்கீல் செலவு எல்லாம் சேர்ந்து போகும். கோர்ட்டுல உத்தரவு வாங்கி சம்பளத்துல பிடிப்பாங்க. நான் இந்த ஊர்க்காரன். அவர் பொண்ணு மெயின்லேண்ட்ல நர்சிங் சேர்ந்திருக்கு, ஃபீஸ் கட்டுறாரு. அதான் இந்தச் சின்னத் தவணைக்கு மேனேஜர்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தேன்."

"இந்த அம்மாவுக்கு என்ன வருமானம்னு தெரியுமா?"

"தெரியும். நீங்க ஒரு கதவை மூடுங்க, எனக்கு இன்னொரு கதவு இருக்கு. எந்தக் கதவுன்னு சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்."

பொய் சொல்லவில்லை. மிரட்டவும் இல்லை. டீக்கான காசையும் அவரே கொடுத்தார்.

நான் என்ன செய்திருக்கலாம் என்று நீங்களும் யோசித்துப் பாருங்கள். சட்டத்தை மட்டும் சொல்லி அவளை அனுப்பியிருக்கலாம்: "உங்களுக்குப் பொறுப்பு இல்லை, போய் வாருங்கள்." அவள் நிம்மதியாகப் போயிருப்பாள். தங்கராஜ் என் முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை, அவர் என்னிடம் வரவும் இல்லை. எதிரில் இருப்பவருக்குத்தான் நாம் வேலை செய்கிறோம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அல்லது ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட விட்டிருக்கலாம். அவள் போடத்தானே வந்தாள்?

ஹாலின் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவளைத் தனியாக அழைத்துப்போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கட்ட வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டால் கட்டவேண்டும். போடாவிட்டால் தங்கராஜ் கட்டவேண்டிவரும், இப்போதைய தொகையைவிட அதிகமாக. மூன்றையும் இரண்டு தடவை சொன்னேன்.

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அண்ணனா?" என்றாள்.

"ஆமாம்."

"எங்க வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது அவருதாங்க. காரியம் முடியுற வரைக்கும் அண்ணி வீட்ல இருந்துதான் எங்களுக்குச் சோறு வந்துச்சு. நான் அடுப்பே பத்த வைக்கல."

முடிவு அவளுடையது, நான் எதுவும் சொல்லக்கூடாது என்று இருந்தேன்.

தொட்டி விளிம்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அண்ணனுக்குச் சம்பளம் வருதுங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்கு என்ன வருது?" என்றாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் போடலீங்க" என்றாள்.

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து எப்படி வந்தது என்று உங்களுக்குச் சொல்லிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அவள் சுயநலக்காரி இல்லை. பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தாமல் அந்தத் தவணையைக் கட்ட முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

"யாராவது கேட்டால் அந்த மேடம்தான் போடவேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லுங்க" என்றேன். "என்மேல் பழி போடுங்க. நான் போர்ட் பிளேர்ல இருக்கேன், எனக்கு ஒன்றும் ஆகாது."

இதையும் உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். நம்மைத் திட்டுவதற்கு அனுமதி கொடுப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான். பலருக்கு அது உதவியிருக்கிறது. மச்சானிடம், மாமியாரிடம், பங்காளியிடம் "ஆபீஸ்ல சொல்லிட்டாங்க, நான் என்ன பண்றது" என்று சொல்லித் தப்பித்தவர்கள் நிறைய. ஜெயக்கொடி தலையை ஆட்டினாள். சரி என்றுதான் நினைத்தேன்.

பிஸ்வாஸிடம் போய்ச் சொன்னேன். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "டீக் ஹை, சரி தீதி. அடுத்த தடவை தங்கராஜ் பாயோட பார்க்கலாம்" என்றார். நான் கப்பல் ஏறினேன்.

நோட்டீஸ் வந்த அன்றே தங்கராஜ் அதை எடுத்துக்கொண்டு ஜெயக்கொடியின் வீட்டு வாசலுக்குப் போயிருக்கிறார். அவர் கோபமாகப் போகவில்லை. தவறுதலாகத் தன் பேருக்கு வந்திருக்கிறது என்றுதான் நினைத்திருக்கிறார். "என்னம்மா இது? ஏஜென்ட் உன்கிட்டதானே பேசிட்டு இருந்தான்?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் உள்ளேயிருந்து வெளியே வந்து, "அண்ணே, கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போடலேன்னா உங்களுக்கு வரும்னும் சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன்" என்று சொல்லியிருக்கிறாள்.

என் பேரைச் சொல்லவே இல்லை.

அடுத்த வாரம் தங்கராஜ் போர்ட் பிளேருக்கு வந்தார். உயரமான ஆள். உள்ளே வரும்போது கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். உட்கார்ந்ததும் நோட்டீஸை மேஜைமேல் வைத்தார். நான் முந்திக்கொண்டு சொன்னேன்: "அண்ணே, ஹட் பேயில அந்த அம்மாகிட்ட சட்டத்தைச் சொன்னது நான்தான். அதைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க என்கிட்ட பேசணும். வேற யார்கிட்டயாவது போகணும்னா வக்கீல் ஒருத்தரைச் சொல்றேன்."

"தெரியும் மேடம். பிஸ்வாஸ் சொன்னான்" என்றார். "உங்ககிட்டதான் வரணும். வேற யாரு இருக்கா?"

நோட்டீஸை என் பக்கம் தள்ளினார். பிறகு சொன்னார்: "சட்டத்தைச் சொன்னது தப்பு இல்லை. உங்க வேலை அது. அவ ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல? மேடம் சொன்னாங்க, எனக்கு ஒண்ணும் புரியல அண்ணேன்னு ஒரு பொய். அதை நம்பிட்டு நான் பாட்டுக்குக் கட்டிட்டுப் போயிருப்பேன். 'நான்தான் வேணாம்னேன்'னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்றா, மேடம்."

அவளுக்காக நான் ஏதோ பேச வாய் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "தவணையைப் பேசுங்க. வேற பேச்சு வேணாம்."

பேசினேன். முதலில் அவரைத் தனியாக வைத்து வீட்டுச் செலவு, பெண்ணின் ஃபீஸ், ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் கேட்டேன். மாதம் இதற்குமேல் முடியாது என்ற தொகை எங்களுக்குள் முடிவானபிறகுதான் பிஸ்வாஸை வரச் சொன்னேன். அன்றைக்குத் தங்கராஜை அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டேன்.

பிஸ்வாஸ் இந்தத் தடவை இறங்கவில்லை. "தீதி, அன்னிக்கு நான் கொண்டுவந்தது வேற, இது வேற. இது லீகல் ஃபைல். தள்ளுபடி எல்லாம் முடிஞ்சு போச்சு" என்றார்.

இந்த இடத்தில் பதறிவிடாதீர்கள். எதிரில் இருப்பவருக்கு என்ன தேவை என்று பாருங்கள். சம்பளத்தில் பிடிக்கவேண்டும் என்றால் கோர்ட்டுக்குப் போய், தீர்ப்பு வாங்கி, அதை அவருடைய ஆபீஸுக்கு அனுப்பி, எத்தனை காலமாகும் என்று பிஸ்வாஸுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதுவரை அந்த ஃபைலில் அவருக்குக் கமிஷன் வராது. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. "அவர் இன்னைக்கே முதல் தவணையைக் கட்டத் தயாரா வந்திருக்கார். முடியாதுன்னா நாங்க கோர்ட்டுல பாத்துக்கறோம், அவசரம் இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வேறு ஃபைலை எடுத்துப் பிரித்துக்கொண்டேன். அவர் வெளியே போய் மேனேஜருக்குப் போன் செய்தார். திரும்பி வரும்போது வக்கீல் செலவும் பாதி அபராதமும் போயிருந்தது. மாதத் தொகை நாங்கள் கேட்டதுதான்.

கிளம்பும்போது பிஸ்வாஸ் வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு அந்த அம்மா போட்டிருந்தா மொத்தமே இதைவிடக் குறைச்சல், தீதி."

"தெரியும்" என்றேன்.

ஏதோ ஜெயித்த மாதிரி தங்கராஜிடம் போய் விவரத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "சரி" என்றார். நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்லவேண்டும்? தான் வாங்காத கடனுக்குத் தவணை பேசிக் கொடுத்ததற்கா?

அந்த வருஷ அறிக்கையில் நம் மையம் இதை இரண்டு வெற்றிகளாகக் காட்டியது. ஒன்று, விதவைப் பெண் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். இரண்டு, ஜாமீன்தாரருக்குச் சலுகைத் தவணை பெற்றுத் தரப்பட்டது. நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இரண்டும் ஒரே கடன் என்று படிப்பவருக்குத் தெரியாது, கேட்கவும் யாரும் இல்லை.

முகாமுக்குப் போகும்போதெல்லாம் ஹட் பேயில் யாராவது எதையாவது சொல்வார்கள். நான் கேட்காமலே சொல்வார்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுவிட்டது. தங்கராஜின் மனைவி நடுவில் இருந்த பொதுக் குழாயை விட்டுவிட்டு வேறு பக்கம் குடம் தூக்கிப் போகிறாள். தங்கராஜின் பெண் ஒரு வருஷம் ஃபீஸ் கட்டத் தாமதமாகி அபராதம் கட்டினாள். ஜெயக்கொடியின் பெரிய பெண் பத்தாவது பாஸ் செய்தாள். இரண்டு செய்தியையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்னார். நான் எதற்குச் சந்தோஷப்படுவது?

ஒரு மழைக்காலத்தில் மரம் விழுந்து ஜெயக்கொடியின் வீட்டுக்குப் போகிற ஒயர் அறுந்துவிட்டது. அந்தப் பக்கத்துக்குத் தங்கராஜ்தான் லைன்மேன். அவர் வந்து ஏணி போட்டு ஏறி, ஒயரை இழுத்துக் கட்டி, வீட்டுக்குள் லைட் எரிகிறதா என்று வெளியில் நின்றே எட்டிப் பார்த்திருக்கிறார். அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து திண்டின்மேல் வைத்திருக்கிறாள். அவர் அதைத் தாண்டி ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இதை எனக்குச் சொன்னது ஜெயக்கொடிதான். "லைட்டு எரிஞ்சுதுங்க. நல்லாத்தான் கட்டிட்டுப் போனாரு" என்றாள்.

அதற்கப்புறம் அவள் ஹட் பேயில் அதிக நாள் இருக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்து, மின்னி பே பக்கம் ஒரு லாட்ஜில் சமையலுக்குச் சேர்ந்தாள். என் வீடும் அந்தப் பக்கம்தான் என்பதால் வழியில் பார்ப்பேன். நின்று இரண்டு வார்த்தை பேசுவோம். பிஸ்வாஸ் வசூல் வேலையை விட்டுவிட்டு டூரிஸ்ட்டுகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறார் என்று கேள்விப்பட்டேன். தங்கராஜ் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி முடித்தார். பாக்கி இல்லை என்ற சான்றிதழைக் கம்பெனியிடமிருந்து நான்தான் வாங்கித் தபாலில் அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு மெசேஜ் வந்தது. அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜெயக்கொடி ஆபீஸுக்கு வந்தாள். அவள் நம் ஆபீஸுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. பெரிய பெண் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், வீட்டில் இப்போது இரண்டு சம்பளம் என்றாள்.

"தங்கராஜ் அண்ணன் கட்டினது மொத்தம் எவ்வளவுன்னு உங்ககிட்ட இருக்கும்ல? அதை நான் மாசாமாசம் அவருக்குக் குடுத்துடுறேன். நீங்க எல்லாருக்கும் தவணை பேசித் தாரீங்கள்ல, எனக்கும் அவருக்கும் பேசி விடுங்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருவர் தானாக வந்து, கட்ட வேண்டியதில்லாத கடனைக் கட்டுகிறேன் என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. அவளால் எவ்வளவு முடியும் என்று பக்குவமாகக் கேட்டு ஒரு தொகையை முடிவு செய்தோம். தங்கராஜ் காலில் ஏதோ வைத்தியத்துக்காகப் போர்ட் பிளேர் வந்திருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார்.

"வேணாம் மேடம்."

"உங்க காசுதானே அண்ணே. அவளா வந்து கேக்கறா. நான் சொல்லல."

"காசை வாங்கினா பேசணும். மாசாமாசம் வாங்கினா மாசாமாசம் பேசணும். வேணாம்."

"என் கையில கொடுக்கட்டும். நான் உங்களுக்கு அனுப்பி வைக்கறேன். நீங்க பேச வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். "சிவலிங்கம் பொண்டாட்டி எனக்கு ஏஜென்ட் வச்சுக் காசு அனுப்புவாளா?" என்றார். குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு வாசல்ல நிக்கும்போது, 'அண்ணே, என்னால முடியல, நீங்க பாத்துக்கங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கட்டியிருப்பேன், மேடம். நான் கட்டினதும் சிவலிங்கத்துக்காகத்தான். அதை அவ அப்படியே ஏத்துக்கட்டும். எனக்குத் திருப்பித் தரவேணாம்."

மெயின்லேண்ட் கம்பெனியோடு, குரலே காட்டாத மேனேஜர்களோடு, ஆள் மாறி ஆள் மாறி வந்த எத்தனையோ ஏஜென்ட்டுகளோடு தவணை பேசியிருக்கிறேன். எங்கே இறங்குவார்கள், எதற்கு மசிவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதரிடம் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்படாதவரிடம் பேரம் பேச முடியாது. டாக்டர் கூப்பிட்டார், அவர் காலை ஊன்றி எழுந்து போனார்.

ஜெயக்கொடியிடம் சொல்ல அன்று சாயங்காலமே லாட்ஜுக்குப் போனேன். பின்வாசலில் நின்று பேசினோம். அவர் வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். எதையும் மறைக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்து இவ்வளவு தூரம் வந்தபிறகு அதை மட்டும் எப்படி மறைப்பது? 'நீங்க பாத்துக்கங்க' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்றாரே, அதையும் சொல்லிவிட்டேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எப்படிங்க கேக்குறது?" என்றாள். "தெரிஞ்சே அவர் தலையில கட்டிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் எந்த வாயால கேக்குறது?"

முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரிங்க. அவரு வாங்கலேன்னா போகட்டும். நான் காசைப் போட்டுக்கிட்டே வாறேன்" என்றாள். "பேசினோமே அந்தத் தொகை. மாசாமாசம் பேங்குல தனியா போட்டுருவேன், அதைத் தொடமாட்டேன்."

"யாருக்கு?" என்று கேட்டேன்.

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.